கிளை-வரம்பு முறை

‘பிராஞ்ச் அண்ட் பவுண்ட்’ என்பதன் தமிழ் வடிவம். அய்ல்சா லேண்ட், ஆலிசன் டாய்க் இருவரும் 1960-இல், சிறந்த விடையைத் தேடும் இம்முறையை வெளியிட்டனர். பெயரோ, எல்லா ஊர்களையும் ஒருமுறை சுற்றித் திரும்பக் குறைந்த செலவுள்ள வழியைக் கேட்கும் பயண விற்பனையாளர் கணக்கைப் பற்றி லிட்டில், மூர்த்தி, ஸ்வீனி, கேரல் ஆகியோர் 1963-இல் எழுதிய கட்டுரையில் வந்தது. பெயரில் கிளை முந்தினாலும் உயிர் வரம்பில்தான். விடைகளைச் சிறு பிரிவுகளாகப் பிரித்துக்கொண்டே போகும் கிளைத்தல் மட்டும் என்றால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பதே மிஞ்சும். விற்பனையாளர் கணக்கில் 20 ஊர்களுக்கே சுமார் 600 கோடி கோடி சுற்றுவழிகள். ஒரு கிளையின் செலவு இதற்குக் கீழே இறங்காது என்று காட்டும் வரம்பு, கைவசமுள்ள விடையின் செலவைத் தாண்டினால், அக்கிளைக்குள் நுழையாமலே அதை வெட்டிவிடலாம். கடினமான கணக்குகளில் வரம்பும் கைகொடுக்காதே என்பர். உண்மைதான், ஆயினும் தேடலைப் பாதியில் நிறுத்தினாலும், சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை வரம்பே உறுதியாகச் சொல்லும்.