இந்தூர் அரண்யா: பேஸ்மட்டத்தோடு கொடுத்த வீடு

நம்ம குழுவில் கடன் எழுதிக் கொடுக்கிற அக்கா தங்கச்சிகளில் நிறையப் பேர் வீட்டு வேலைக்குத்தான் கேட்கிறோம். ஒரு வருஷம் சுவர், அடுத்த வருஷம் தளம். பூச்சு வேலை மகள் கல்யாணம் பேசும்வரைக்கும் நிற்கும். இது நம்ம ஏலாமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால், ஏழை வீடு இப்படித்தான் வளரும் என்று ஒத்துக்கொண்டு ஒரு பெரிய குடியிருப்பையே அமைத்திருக்கிறார்கள்.

அது மத்தியப் பிரதேசம் இந்தூரில். 1980-களில் அந்த ஊர் வளர்ச்சி ஆணையம் அரண்யா என்ற குடியிருப்பைத் தொடங்கியது. திட்டம் வரைந்தவர் அகமதாபாத் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி. சுமார் 85 ஹெக்டேர் நிலம், சுமார் 6,500 மனைகள். நூற்றுக்கு 65 மனை ரொம்பவும் ஏழைகளுக்கு.

எல்லோருக்கும் முழு வீடு கட்டிக் கொடுத்தால் கடன் அடைக்க முடியாது. அதனால் ஏழைகளுக்கு 35 சதுர மீட்டர் மனை, நம்ம கணக்கில் சுமார் 375 சதுர அடி. அதில் பேஸ்மட்டம், கக்கூஸ், தண்ணீர்க் குழாய். முடிந்தவர்கள் ஒரு ரூமும் சேர்த்து வாங்கலாம். மீதியைக் கையில் காசு வரவர அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. எனக்குப் பிடித்தது இதுதான்: கடைசியில் பார்த்துக்கலாம் என்று நாம் தள்ளிப்போடுகிற கக்கூஸை அவர்கள் முதலில் கட்டிவிட்டார்கள். இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு காத்திருந்த பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 20 வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க் என்று வைத்ததால் செலவும் குறைந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? அதே குடியிருப்பில் வசதிக்காரர்களுக்கும் பெரிய மனைகள் ஒதுக்கினார்கள். அதை விற்ற லாபம் ஏழை மனையின் விலையைக் குறைக்க உதவியது. ஏழைகளை ஊருக்கு வெளியே ஒரு ஓரத்தில் தள்ளாமல் எல்லாத் தரத்துக்காரரும் ஒரே குடியிருப்பில்.

மாதிரிக்கு 80 வீடுகளைத் தோஷியே வடிவமைத்தார். வாசலில் திண்ணை, வெளிப்பக்கமாக மாடிப்படி, சின்ன பால்கனி. படி வெளியே இருந்தால் உள்ளே இடம் அடைக்காது. மாடி எடுத்து மகன் குடும்பத்தை வைக்கலாம், வாடகைக்கும் விடலாம். திண்ணை இருந்தால் வெங்காயம் உரித்துக்கொண்டே தெருவில் விளையாடுகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். மலிவு வீடு என்றால் தீப்பெட்டி மாதிரி ஒரே அச்சில் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

1995-ல் அரண்யாவுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2018-ல் தோஷிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு. கட்டடக் கலைஞர்களுக்கான அந்தப் பெரிய பரிசை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். 2023-ல் காலமானார்.

எல்லாம் நினைத்தபடியே நடக்கவில்லை. ஊர் வளர்ந்து மனை விலை ஏறியதும் சில ஏழைக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போய்விட்டன, காசுள்ளவர்கள் வந்தார்கள். அவசரத்துக்கு விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் விற்கும்போது அந்த வீட்டுப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்றுதான் தோன்றுகிறது.

இருந்தவர்களும் வந்தவர்களும் மாடிமேல் மாடி எடுத்து, பிடித்த கலர் அடித்து மாற்றிக் கட்டியதில், அந்த 80 மாதிரி வீடுகளிலேயே பலவற்றை இப்போது அடையாளம் காண்பது கஷ்டம்.