தமிழக வேட்டை நாய்களின் உடல்நலப் பேணல்

தமிழக வேட்டை நாய்கள் என்பது இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு நாயினங்களைக் குறிக்கும். தென் மாவட்டங்களின் கரிசல் நிலங்களிலும் மலையடிவாரங்களிலும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இவை, பின்னாளில் சென்னை போன்ற நகரங்களுக்கும் வந்து சேர்ந்தன. முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்களின் வீடுகளில் இவற்றை வளர்ப்பதற்கு, ஓட்டத்திற்கென அமைந்த இவற்றின் உடலைப் பற்றியும், நகரச் சூழலில் இவற்றைத் தாக்கும் நோய்களைப் பற்றியும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

இனங்கள்

* இராஜபாளையம் – விருதுநகர் மாவட்டம் இராஜபாளையத்தின் பெயரைக் கொண்டது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டது.
* சிப்பிப்பாறை – விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைக் கொண்டது. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையது. இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் இயல்பினது.
* கன்னி – சிப்பிப்பாறையை ஒத்த உடலமைப்பு உடையது. பொதுவாகக் கருநிறத்தில் செம்பழுப்புக் குறிகளுடன் காணப்படும்.
* கோம்பை – தேனி மாவட்டம் கோம்பையின் பெயரைக் கொண்டது. செம்பழுப்பு உடலும் கரிய முகமும் உடைய கட்டுடல் நாய்.

2005ஆம் ஆண்டு சனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினங்கள் பற்றிய அஞ்சல்தலைகளுள் ஒன்று இராஜபாளையம் நாயைக் காட்டுகிறது.

வேட்டையும் சட்டமும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. நாய்களைக் கொண்டு முயலையோ காட்டுப்பன்றியையோ பிடிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். வேட்டை நின்றுவிட்டாலும் துரத்தும் இயல்பு இந்நாய்களை விட்டு நீங்கவில்லை. பூனையைக் கண்டவுடன் சாலையின் குறுக்கே பாய்ந்து அடிபடும் வாய்ப்பு உள்ளதால், வெளியில் செல்லும்போது கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம் தேவை.

ஓட்டமும் வெப்பமும்

சிறிய முற்றத்தில் நாள் முழுவதும் கட்டிவைக்கப்படும் வேட்டை நாய் தசை வலிமையை இழப்பதுடன், ஓயாது குரைத்தல், தன் காலைத் தானே நக்கிப் புண்ணாக்குதல் போன்ற பழக்கங்களுக்கும் உள்ளாகிறது. நாளும் இருவேளை நடையும், இயலும்போது வேலியிட்ட திடலில் ஓட்டமும் தேவை.

நாய்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களிலேயே உள்ளன. மூச்சிரைப்பதன் மூலமே அவை உடலைக் குளிர்விக்கின்றன. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு ஆகும். அது 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. எனவே கோடையில், குறிப்பாகக் கத்திரி வெயில் நாட்களில், சூரிய உதயத்திற்கு முன்பும் இரவிலும் மட்டுமே நடத்திச் செல்லுதல் நல்லது. வெப்பத்தால் தளர்ந்த நாயின் உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, காற்றுப்படச் செய்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பிறவிச் செவிட்டுத்தன்மை

இராஜபாளையம் நாய்களில் குறிப்பிடத்தக்க குறைபாடு பிறவிச் செவிட்டுத்தன்மை ஆகும். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதின் செயற்பாட்டிற்கும் தேவை. தூய வெண்ணிற நாய்களில் அவ்வுயிரணுக்கள் இல்லாதபோது, பிறந்த சில வாரங்களுக்குள்ளாகவே உட்காதின் உணர்வணுக்கள் அழிந்துவிடுகின்றன. வெண்மையை மட்டுமே தகுதியாகக் கொண்டு நெருங்கிய உறவுள்ள நாய்களை இணைசேர்ப்பது இக்குறைபாட்டைப் பெருக்குகிறது.

உறங்கும் குட்டியின் பின்னால் ஒலி எழுப்பிப் பார்க்கும் வழக்கம், இரு காதுகளும் கேளாத குட்டியை மட்டுமே ஓரளவு காட்டும். ஒரு காது கேளாத நாய் இயல்பாகவே நடந்துகொள்ளும். ஆனால் குறைபாட்டைத் தன் குட்டிகளுக்குக் கடத்தக்கூடும். மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் கேட்டல் சோதனையே உறுதியானது. செவிட்டுத்தன்மை உள்ள நாய்களை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது. எனினும் கைச்சைகைகளால் பழக்கினால் அவை நல்ல வீட்டு நாய்களாக வாழ்கின்றன.

உண்ணிக் காய்ச்சல்

பழுப்பு நாய் உண்ணி கடிப்பதால் எர்லிக்கியா, பபேசியா ஆகிய நுண்ணுயிரிகள் இரத்தத்தில் நுழைகின்றன. காய்ச்சல், உணவை மறுத்தல், ஈறு வெளிறுதல், மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். இவ்வுண்ணி சுவர் வெடிப்புகளிலும் கதவிடுக்குகளிலும் மறைந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஆகையால் நாய்க்கு மட்டும் மருந்திட்டால் போதாது. வசிப்பிடத்தையும் தூய்மை செய்தல் வேண்டும்.

பார்வையால் வேட்டையாடும் இனமான கிரேஹவுண்டு நாய்களில் சிவப்பணுக்களின் அளவு பிற நாய்களைவிட இயல்பாகவே மிகுதி. இத்தகைய நாய்க்கு இரத்தசோகை தொடங்கியிருந்தும் சோதனை முடிவு இயல்பானதாகத் தோன்றக்கூடும். எனவே மெலிந்த வேட்டை நாய்களுக்கு, நலமாக இருக்கும்போதே ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து அளவுகளைக் குறித்து வைப்பது பயன் தரும்.

மழைக்கால நோய்கள்

எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் நீர் தேங்கியது. தேங்கிய நீரை நாய் குடிக்கவோ அதில் நடக்கவோ விடலாகாது. இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது.

தடுப்பூசிகளும் குடற்புழு நீக்கமும்

* பார்வோ, டிஸ்டெம்பர் – 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை.
* வெறிநாய்க்கடி நோய் – ஏறத்தாழ 12 வாரங்களில் முதல் ஊசி. ஓராண்டிற்குப் பின் ஊக்க ஊசி. பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில்.
* எலிக்காய்ச்சல் – ஆண்டுதோறும்.
* குடற்புழு நீக்கம் – குட்டிகளுக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை. வளர்ந்த நாய்களுக்கு ஏறத்தாழ 3 மாதங்களுக்கு ஒருமுறை.

முகப்பேர், அம்பத்தூர் ஆகியவை சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் அடங்கும். மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் பெறுவதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று தேவை.

உணவு

தென் மாவட்டங்களில் இந்நாய்களுக்குக் கம்பு, கேழ்வரகுக் கூழும் தயிரும் கொடுப்பது மரபு. தானியம் மட்டுமே போதாது. முட்டை, இறைச்சி, மீன் போன்ற புரத உணவும் சேர்க்கப்பட வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்கலேட் ஆகியன நாய்களுக்கு நச்சாகும். ஆழ்ந்த மார்புடைய நாய்களில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உள்ளதால், உணவை இருவேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்டவுடன் ஓடவிடாமல் இருத்தல் வேண்டும். விலா எலும்புகள் சற்றே தெரிவது மெலிந்த இனங்களுக்கு இயல்பு. அதனைக் குறையெனக் கருதி மிகையாக ஊட்டுதல் தவறாகும்.

மருத்துவம்

கிரேஹவுண்டு நாய்களின் கல்லீரல் தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகளை மெதுவாகவே சிதைப்பதால் மயக்கம் தெளிய நீண்ட நேரமாகும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் கொழுப்புக் குறைந்த உடலுடையவை என்பதால், அறுவை மருத்துவத்திற்கு முன் இனத்தின் பெயரை மருத்துவரிடம் தெரிவித்தல் நலம். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் அமைந்துள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* இராஜபாளையம் (நாய்)
* சிப்பிப்பாறை (நாய்)
* கோம்பை (நாய்)
* வெறிநாய்க்கடி நோய்