கோச்சைத் தூக்கலாமா? மான்செஸ்டர், டிசம்பர் 1989

இந்த எபிசோட் ஒரு பழைய பெட்ஷீட்ல இருந்து ஆரம்பிக்குது.

1989 டிசம்பர் 9. மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானம், ஓல்ட் டிராஃபோர்டு. எதிரணி கிரிஸ்டல் பேலஸ். அந்த சீசன்லதான் ரெண்டாம் டிவிஷன்ல இருந்து மேலே வந்த டீம். மூணு மாசம் முன்னாடி லிவர்பூல்கிட்ட 9-0 வாங்கினவங்க. அவங்க யுனைடெட்டை அதே மைதானத்துல 2-1ன்னு ஜெயிச்சாங்க. கூட்டத்துல ஒரு ரசிகர் வீட்ல இருந்து கொண்டுவந்த பெட்ஷீட்டை விரிச்சார். மூணு வருஷமா சாக்கு சொல்றீங்க, ஆட்டம் இன்னும் குப்பைதான், டாட்டா ஃபெர்கி. இதுதான் அதுல எழுதியிருந்த விஷயம்.

ஃபெர்கி யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. அலெக்ஸ் ஃபெர்குசன். 2013ல ஓய்வு பெறும்போது யுனைடெட்டுக்கு 13 லீக் பட்டம், மொத்தம் 38 கோப்பை கொடுத்திருந்தவர். அதனாலயே உலகத்துல எந்த டீம் தொடர்ந்து தோத்தாலும், கோச்சை மாத்துங்கன்னு ரசிகர்கள் கத்த ஆரம்பிச்சதும், ஒருத்தர் வந்து இந்தக் கதையைச் சொல்வார். "ஃபெர்குசனையும் அப்படித்தான் போகச் சொன்னாங்க. பொறுத்தாங்க. என்ன ஆச்சு பாருங்க!"

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனா இதை வாதமா வைக்கும்போதுதான் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏன்னா நடந்ததை நெருங்கிப் பாத்தா, 'பொறுத்தார் பூமி ஆள்வார்' மாதிரி அவ்வளவு சுலபமா இல்லை.

ஃபெர்குசன் வந்தது 1986 நவம்பர் 6. அவருக்கு முன்னாடி இருந்த ரான் அட்கின்சனும் தூக்கப்பட்டவர்தான். அப்போ யுனைடெட் 22 டீம்ல 21ஆவது. கடைசியா லீக் ஜெயிச்சது 1967ல. ஃபெர்குசன் கையில நல்ல பேர் இருந்துச்சு. ஸ்காட்லாந்துல ஆபர்டீன்ங்கற டீமை வெச்சு மூணு லீக் பட்டம். 1983ல கோதன்பர்க் நகரத்துல ரியல் மாட்ரிட்டைத் தோற்கடிச்சு கப் வின்னர்ஸ் கப். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

யுனைடெட்ல முதல் சீசன் 11ஆவது இடம். அடுத்தது 2ஆவது. அடுத்தது மறுபடியும் 11. 1989 கோடையில பையைத் திறந்து விட்டாங்க. நீல் வெப், மைக் ஃபீலன், பால் இன்ஸ், டேனி வாலஸ், கூடவே கேரி பாலிஸ்டர். பாலிஸ்டருக்கு மட்டும் 2.3 மில்லியன் பவுண்டு, ஒரு டிஃபெண்டருக்கு அப்போ பிரிட்டன்ல அதுதான் உச்சம். அதே கோடையில ரசிகர்களோட செல்லப்பிள்ளைகளான நார்மன் வைட்சைடையும் பால் மெக்ராத்தையும் வித்துட்டார். டீம்ல ஊறிப்போயிருந்த குடிப்பழக்கத்தை ஒழிக்கணும்ங்கறது அவர் கணக்கு. மெக்ராத் போன ஆஸ்டன் வில்லா அந்த சீசன் ரெண்டாவதா வந்துச்சு. நீங்க யுனைடெட் ரசிகரா இருந்தா எப்படி இருந்திருக்கும்?

போர்டு ரூம்ல அப்போ வேற ஒரு கூத்து. சேர்மன் மார்ட்டின் எட்வர்ட்ஸ் தன் பங்குகளை மைக்கேல் நைட்டன்ங்கற தொழிலதிபருக்கு விக்க ஒத்துக்கிட்டிருந்தார். சீசன் முதல் மேட்சுக்கு முன்னாடி நைட்டன் யுனைடெட் டிரெஸ் போட்டுக்கிட்டு மைதானத்துக்குள்ள வந்து பந்தைக் காலால தட்டித் தட்டி வித்தை காட்டினார். அக்டோபர்ல அந்த வியாபாரம் முறிஞ்சது. அதுக்குள்ள, செப்டம்பர் 23ஆம் தேதி, பக்கத்து வீட்டு மான்செஸ்டர் சிட்டிகிட்ட 5-1 தோல்வி. வெப்புக்குக் குதிகால் தசைநார் அறுந்து உட்கார்ந்தாச்சு. நவம்பர் கடைசில இருந்து ஜனவரி 1 வரைக்கும் லீக்ல எட்டு மேட்ச். ஒரு வெற்றிகூட இல்லை. தன் வாழ்க்கையிலேயே இருண்ட காலம் அதுதான்னு ஃபெர்குசனே பின்னால சொல்லியிருக்கார்.

அப்புறம் வருது அந்த ஃபேமஸ் கோல். 1990 ஜனவரி 7, எஃப்.ஏ. கப் மூணாவது ரவுண்டு. பிரையன் கிளஃப்போட நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், அதுவும் அவங்க மைதானத்துல. மார்க் ஹியூஸ் வெளிப்பாதத்தால வளைச்சுப் போட்ட பந்தை, இருபது வயசு மார்க் ராபின்ஸ் தலையால உள்ளே தள்ளினார். 1-0. ஃபெர்குசனின் வேலையைக் காப்பாத்தின கோல்னு இன்னைக்கும் சொல்றாங்க. அந்த மேட்ச் தோத்திருந்தாலும் அவரை அனுப்பியிருக்க மாட்டோம்னு எட்வர்ட்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கார்.

கதையை இங்கேயே நிறுத்தி மியூசிக் போட்டுடலாம். ஆனா அடுத்து என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஆறே நாள்ல டெர்பிகிட்ட தோல்வி. அதுக்கடுத்து நார்விச்கிட்ட தோல்வி. சிட்டியோட டிரா. லீக்ல அடுத்த வெற்றி பிப்ரவரி 10ஆம் தேதிதான். அதாவது வெற்றியே இல்லாத மேட்சுகள் எட்டுல இருந்து பதினொண்ணாச்சு. சீசன் முடிஞ்சப்போ 48 பாயிண்ட், 13ஆவது இடம். கீழ் டிவிஷனுக்கு இறங்கின ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்கு 43. வித்தியாசம் அஞ்சே பாயிண்ட்.

லீக் டேபிளை மட்டும் வெச்சு முடிவெடுக்கற யாரா இருந்தாலும் 1990 மே மாசம் ஃபெர்குசனை அனுப்பியிருக்கலாம், அது முட்டாள்தனமும் ஆகியிருக்காது. அந்த பெட்ஷீட் ரசிகரை இன்னைக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஞாபகப்படுத்தறாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. டிக்கெட் காசு கொடுத்து உள்ள வந்தவர் கண்ணுக்குத் தெரிஞ்சதை வெச்சு அவர் சொன்னது சரி.

போர்டுக்குத் தெரிஞ்சது வேற. ஃபெர்குசன் வந்த நாள்ல இருந்தே சின்னப் பசங்களைக் கண்டுபிடிக்கற வேலையைத் தலைகீழா மாத்திக்கிட்டிருந்தார். ஸ்கவுட்டுகளை அதிகமாக்கினார். மான்செஸ்டர்ல இருக்கற நல்ல பையனுங்க சிட்டி பக்கம் போறாங்கன்னு அவருக்குக் கோபம். 1987 நவம்பர் 29, சிட்டியோட பயிற்சிப் பள்ளியில ஆடிக்கிட்டிருந்த ஒரு பையனுக்குப் பதினாலாவது பிறந்தநாள். அன்னைக்கு ஃபெர்குசனே அவன் வீட்டு வாசல்ல போய் நின்னார். அந்தப் பையன் ரயன் கிக்ஸ். முதல் டீமுக்கு வந்தது 1991ல. 1989 டிசம்பர்ல கிக்ஸ் யாருன்னு ஸ்டாண்டுல இருந்த யாருக்குத் தெரியும்? ஆனா டைரக்டர் நாற்காலியில இருந்த பாபி சார்ல்டனுக்குத் தெரியும். சார்ல்டன் அதே கிளப்போட இளைஞர் அணியில வளர்ந்து உலகக்கோப்பை ஜெயிச்ச ஆள். எதைப் பார்க்கணும்னு அவருக்குத் தெரியும். அவர் கடைசி வரைக்கும் ஃபெர்குசன் பக்கம்தான் நின்னார்.

இதைத்தான் நான் முக்கியமா நினைக்கறேன். அவங்க சும்மா நம்பிக்கை வெச்சுப் பொறுக்கலை. டேபிள்ல தெரியாத ஒண்ணு நடக்குதுன்னு தினமும் நேர்ல பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 'பொறுமையா இருங்க'ன்னு சொல்றவங்க இந்தப் பகுதியை விட்டுடறாங்க.

சரி, இப்போ எதிர்ப்பக்கம் போவோம். கோச்சை மாத்தினதும் டீம் ஜெயிக்குதே, அது?

2017ல லெஸ்டர் சிட்டி. ஒன்பது மாசம் முன்னாடிதான் 5000க்கு ஒண்ணுன்னு பந்தயக்காரங்க எழுதித் தள்ளின டீமை வெச்சு கிளாடியோ ரனியேரி லீகே ஜெயிச்சிருந்தார். 2017 பொறந்ததுல இருந்து லீக்ல ஒரு கோல்கூட இல்லை. பிப்ரவரி 23 அவரை அனுப்பிட்டாங்க. உலகமே திட்டுச்சு. உதவியாளரா இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பெடுத்தார். லீக்ல வரிசையா அஞ்சு வெற்றி! சீசன் முடிவுல 12ஆவது இடம். அவருக்கு மூணு வருஷ கான்ட்ராக்ட் கொடுத்தாங்க. அக்டோபர்ல அவரையும் அனுப்பிட்டாங்க.

அதே சீசன், அதே லீக்ல சண்டர்லேண்டு, டேவிட் மோய்ஸைக் கடைசி மேட்ச் வரைக்கும் விடாம வெச்சிருந்துச்சு. 24 பாயிண்ட், கடைசி இடம், கீழ் டிவிஷன். பொறுமைக்கு உதாரணமா சண்டர்லேண்டை யாரும் சொல்றதில்லை, கவனிச்சீங்களா?

நெதர்லாந்துல பாஸ் டெர் வீல்னு ஒரு பொருளாதார ஆய்வாளர், அந்த ஊர் முதல் டிவிஷன்ல 1986ல இருந்து 2004 வரைக்கும் நடந்த கோச் மாற்றங்களை ஆராய்ஞ்சார். கோச்சை மாத்தினதும் டீம்கள் மேலே வந்தது உண்மை. ஆனா அதே அளவு சரிஞ்சும் கோச்சை மாத்தாத டீம்களும் அதே மாதிரி மேலே வந்திருந்துச்சு. யோசிச்சா புரியும். கோச்சை எப்போ தூக்கறாங்க? டீம் தன் வழக்கமான நிலைக்கும் கீழே கிடக்கும்போது. காயம் பட்டவங்க திரும்பி வருவாங்க, கம்பத்துல பட்டுத் திரும்பின பந்து உள்ளே போகும். காய்ச்சல் உச்சத்துல இருக்கறப்போ மாத்திரையை மாத்தினா, மறுநாள் காய்ச்சல் இறங்கின பேரு புது மாத்திரைக்குப் போகும். ஷேக்ஸ்பியரோட அஞ்சு வெற்றியில எவ்வளவு இதுல சேரும்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

ஃபெர்குசன் கதையை மத்தவங்களை விட அதிகமா நம்பினது யுனைடெட்தான். 2023-24 சீசன், எரிக் டென் ஹாக் கோச். லீக்ல 8ஆவது இடம், பிரீமியர் லீக் காலத்துல அதுவரைக்கும் அவங்களுக்கு மோசமான முடிவு. எல்லாரும் போயிடுவார்னு நினைச்சப்போ, மே 25 எஃப்.ஏ. கப் ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டியை 2-1 ஜெயிச்சார். அதே கப், அதே கிளப். ஜூலையில கான்ட்ராக்டை நீட்டிச்சாங்க. அக்டோபர் 28, 14ஆவது இடத்துல இருக்கும்போது தூக்கிட்டாங்க. 1990ல கப் வெளியில தெரிஞ்ச அடையாளம், உள்ளே வேற ஏதோ வளர்ந்துக்கிட்டிருந்தது. 2024ல, என் கணிப்புல, கப்பை மட்டும்தான் பார்த்தாங்க.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1989ல மேனேஜர்னா ஆள் வாங்கறது, விக்கறது, பசங்களை வளர்க்கறது எல்லாம் ஒரே ஆள். இன்னைக்குப் பல கிளப்ல அதுக்குத் தனி டைரக்டர், கோச் மைதானத்துக்கு மட்டும் பொறுப்பு. அப்படிப்பட்ட கோச் போனா வளர்ப்பு வேலை நிக்காது. அதனால அவரை மாத்தறது முன்ன விட சுலபம், ஓரளவு நியாயமும்கூட. ஆள் எடுத்ததே தப்புன்னா, எடுத்த டைரக்டரை விட்டுட்டு கோச்சை அனுப்பறதுல பிரயோஜனம் இல்லை.

1990 ஃபைனலுக்குப் போகலாம். ஒரு மேட்ச்கூட சொந்த மைதானத்துல கிடைக்காம, ஒவ்வொரு ரவுண்டா தாண்டி யுனைடெட் ஃபைனல் வந்துச்சு. செமி ஃபைனல் ரீப்ளேல கூடுதல் நேரத்துல அடிச்சு ஜெயிக்க வெச்சது அதே ராபின்ஸ். ஃபைனல்ல எதிரணி யாரு? பெட்ஷீட் நாள்ல வந்த அதே கிரிஸ்டல் பேலஸ். மே 12, 3-3 டிரா. ரீப்ளே அஞ்சு நாள் கழிச்சு.

அந்த அஞ்சு நாள்ல ஃபெர்குசன் கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டனைத் தூக்கிட்டார். லெய்ட்டன் அவர் ஆபர்டீன்ல இருந்து கூட்டிட்டு வந்த ஆள். கோதன்பர்க்ல ரியல் மாட்ரிட்டை ஜெயிச்சப்போ கோல்ல நின்னவர். ஃபார்ம் போயிடுச்சு, தன்னம்பிக்கை போயிடுச்சுன்னு ஃபெர்குசன் முடிவு பண்ணினார். பதிலா லூட்டன்ல இருந்து கடனா வாங்கின லெஸ் சீலியை இறக்கினார். லீ மார்ட்டின் அடிச்ச ஒரே கோல்ல யுனைடெட் 1-0 ஜெயிச்சுது. ஃபெர்குசன் யுனைடெட்ல தூக்கின முதல் பெரிய கோப்பை அதுதான். சீலி ஒரு கோலும் விடலை.

லெய்ட்டன் அதுக்கப்புறம் யுனைடெட்டுக்கு ஆடினது ஒரே ஒரு மேட்ச். எட்டு வருஷம் கழிச்சு, 1998 உலகக்கோப்பை முதல் மேட்ச்ல, பிரேசிலுக்கு எதிரா ஸ்காட்லாந்து கோல்ல நின்னார். அப்போ அவருக்கு வயசு 39.