வீட்டை இழுத்துச் சென்றவர்களும் வீட்டோடு இருந்தவர்களும்

இங்கிலாந்தின் சிறுநகரங்களில் குளிர்காலத்தில் நடந்து செல்வோர் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். வீட்டு முன்றிலில், சாம்பல்நிறச் சீலையால் மூடப்பட்ட பெரிய வாகனம் ஒன்று நிற்கும். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் உண்டு. மோட்டார்ஹோம் என்பார்கள். தமிழகத்தில் கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டியே பலருக்கு நினைவில் வரும். இது அதுவன்று. இளைப்பாறிய ஆசிரியரும் தாதியும் தபாற்காரரும் வாழ்நாட் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீடு இது. நவம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சின் ஊடாக ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் சென்று, வெயிலில் சில மாதங்கள் இருந்துவிட்டு மார்ச்சில் திரும்புவது இவர்களிற் பலரது நெடுங்கால வழக்கம்.

அந்த வாகனம் மூடியபடியே நிற்பதற்குப் பணமில்லாமையோ உடல்நலக் குறைவோதான் காரணம் என்று கொள்ளவேண்டியதில்லை. ஓய்வூதியம் வருகிறது, உடலில் தெம்பு இருக்கிறது, பாதையும் தெரியும். ஆனால் தொண்ணூறு வயதைக் கடந்த தாய் அடுத்த தெருவில் தனியே இருக்கிறார். அல்லது வேலைக்குச் செல்லும் மகளின் குழந்தையை வாரத்தில் மூன்று நாட்கள் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆகவே இவ்வருடமும் போகவில்லை.

சக்கரம் பூட்டிய வீட்டின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த வீடு புறப்பட்டபோது புறப்படாமல் நின்றவர்களின் வரலாறு வேறோர் இடத்தில், வேறு மனிதர்களால் எழுதப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி முன்றிலில் நிற்கும் அந்த வாகனத்தின் கதை விளங்காது என்பது எனது எண்ணம்.

பொழுதுபோக்குக்காக வண்டிவீடு கட்டிய முன்னோடி என்று போற்றப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராக இருந்து இளைப்பாறியவர், சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதிக் குவித்தவர். லண்டனுக்கு மேற்கே ட்வைபோர்ட் என்னும் ஊரில் வசித்த அவர், பிரிஸ்டலில் இருந்த வண்டித் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென ஒரு வண்டியைச் செய்வித்து அதற்கு ‘வாண்டரர்’, அதாவது அலைந்து திரிபவன், என்று பெயரிட்டார். சுமார் இரண்டு தொன் நிறை. இழுப்பதற்கு இரண்டு குதிரைகள். 1885இல் அதிலேறி ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ் வரை ஏறக்குறைய 1300 மைல் பயணம் செய்தார். சாரதி ஒருவர், பணியாள் ஒருவர், ஒரு நாய், ஒரு கிளி உடன் சென்றன. எதிரே வருவோரை எச்சரிப்பதற்காகப் பணியாள் மூன்றுசக்கர மிதிவண்டியில் முன்னே செல்வாராம். மறு ஆண்டே பயணநூல் வெளிவந்தது. 1907இல் பிரித்தானியாவின் கேரவன் கழகம் தொடங்கப்பட்டபோது ஸ்டேபிள்ஸ் அதன் உபதலைவர்களுள் ஒருவரானார்.

இவரைக் கவர்ந்தது ரோமா மக்களின் வாழ்க்கை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்ட மக்கள் அவர்கள் என்பதை மொழியாய்வும் மரபணு ஆய்வும் உறுதிசெய்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் அவர்களது வண்ண வண்டிகள் பரவலாகின. ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டைக் கனவான்கள் கவனிக்கவில்லை. ரோமாக்களின் வண்டியில் பாட்டியும் இருந்தாள், கைக்குழந்தையும் இருந்தது. விட்டுவிட்டுப் போவதற்கு அவர்களுக்கு வேறு வீடு இருக்கவில்லை. இறந்தவருடைய வண்டியை எரித்துவிடும் வழக்கமும் அவர்களிடையே இருந்தது. கனவான்களோ ஒரு வீட்டை நடத்த ஆள் வைத்துவிட்டு மற்றொரு வீட்டில் ஏறிப் போனவர்கள். வண்டியின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள்; குடும்பத்தை ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டை எடுக்கவில்லை.

அந்த ஏற்பாட்டை மீண்டும் நினைவுபடுத்தியவர் ஒரு பெண். ஜேர்மனியின் தென்கோடியில், அல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள இஸ்னி என்னும் சிற்றூரில், குதிரைச் சவுக்குகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்யும் குடும்பத் தொழிலை நடத்தி வந்தார் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். விற்பனைக்காக வாரக்கணக்கில் ஊர் ஊராகச் செல்லவேண்டும். அவர் மணமுடிக்கவிருந்த ஃப்ரீடல் எடெல்மான் ஓவியர். பிரிந்திருக்க விரும்பாத அவர், இருவரும் சேர்ந்து பயணிக்கவும் தாம் வரையவும் ஏற்றதாக ஒரு வண்டி இருந்தால் என்ன என்று கேட்டார். 1931இல் டெத்லெஃப்ஸ் தமது பட்டறையிலேயே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடொன்றைச் செய்தார். கூரையை உயர்த்தினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஜேர்மனியின் முதலாவது கேரவன் என்று அது கொண்டாடப்படுகிறது. இன்று அவரது பெயரிலேயே பெருந்தொழிற்சாலை இயங்குகிறது. பொறியியல் ஆர்வமோ வணிக நோக்கோ அல்ல, வீட்டில் தனித்திருக்க மறுத்த ஒரு பெண்ணின் கேள்வியே அதன் பிறப்புக்குக் காரணம் என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் கதை வேறுவிதமாகப் போயிற்று. நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக் 1960 செப்டெம்பரில், தமது 58ஆவது வயதில், பாரவூர்தி ஒன்றின் முதுகில் சிறு அறை பொருத்தி, டொன் குயிக்சோட்டின் குதிரையான ரொசினாந்தேயின் பெயரை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். மனைவி எலேன் வீட்டில் இருந்தார். 1962இல் வெளியான அந்தப் பயணநூல், தனிமனிதன் தனிவழி செல்லும் பெருங்கனவின் வேதநூல் போலாகிவிட்டது. அரைநூற்றாண்டு கழித்து, 2010இல், பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் சென்று தகவல்களைச் சரிபார்த்தார். ஸ்டைன்பெக் அந்த வண்டியில் உறங்கிய இரவுகள் நூல் காட்டும் அளவுக்கு இல்லை. ஹோட்டல்களில் தங்கிய இரவுகளே அதிகம். பயணத்தின் பெரும்பகுதியில் எலேன் உடனிருந்தார் என்று அவர் எழுதினார். நூலின் ஐம்பதாண்டு நிறைவுப் பதிப்பின் முன்னுரையில், அதனை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையும் இடம்பெற்றது.

சகபத்திரிகையாளர் என்ற முறையில் ஸ்டைகர்வால்டின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் குற்றச்சாட்டாகப் பலர் படித்த அச்செய்தி எனக்கு வேறுவிதமாகவே படுகிறது. அதற்கு முந்திய ஆண்டுதான் நோயில் விழுந்து எழுந்த ஒரு மனிதர், மனைவியைப் பிரிந்து பல வாரங்கள் இருக்க முடியாமல் அழைத்துக்கொண்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நூலில் மறைத்ததுதான் தவறு. அந்த மறைப்பினால், வீட்டை உதறிவிட்டுப் போவதே உண்மையான பயணம் என்ற நம்பிக்கை மேலும் ஒரு தலைமுறைக்கு உறுதிப்பட்டுவிட்டது.

1950, 60களில் பாதை திறந்து கிடந்தது. ஜேர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் வொக்ஸ்வாகன் வானுக்குள் கட்டிலும் அலுமாரியும் பொருத்திக் கொடுத்தது. 1957இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பஸ்ஸே ஓடியது. பழைய வான்களில் இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்து சேர்ந்தனர். 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்தமையும் அந்தப் பாதையை மூடிவிட்டன. இதுபற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது.

அதே ஆண்டுகளில் பிரித்தானியாவில் நிகழ்ந்த மற்றொன்றைப் பயண நூல்கள் பேசுவதில்லை. மேரி வெப்ஸ்டர் என்பவர் கிறிஸ்தவத் திருச்சபை ஒன்றின் போதகர். 1954இல், 31 வயதில், முதிய பெற்றோரைப் பார்ப்பதற்காக அவர் தமது பணியை விட்டார். மணமாகாத மகள்தானே, அவள் பார்ப்பாள் என்று சமூகம் எதிர்பார்த்த காலம். நம் வீடுகளில் இது புதிய செய்தியல்ல. தங்கைமார் திருமணமாகிப் போக, தாயின் கட்டிலருகே ஆயுளைக் கழித்த பெரியக்காமார் இல்லாத ஊர் உண்டா? தமிழில் அவர்களுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. பராமரிப்பாளர் என்பது பின்னாளில் அலுவலகங்களுக்காகச் செய்த சொல். “அவள்தான் அம்மாவைப் பார்க்கிறாள்” என்பதோடு முடித்துக்கொண்டோம். கடமைக்குப் பெயர் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

மேரி வெப்ஸ்டர் பெயர் கேட்டார். 1963இல், தம்மைப் போன்ற பெண்களின் தனிமையையும் பணமுடையையும் விளக்கிப் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். ஆசிரியர் மேசைக்கு வரும் கடிதங்களில் எது நாட்டை அசைக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இது அசைத்தது. நாடெங்குமிருந்து அதே நிலையிலிருந்த பெண்களின் பதில்கள் வந்து குவிந்தன. 1965இல் அவர்களுக்கென ஓர் அமைப்பு உருவாகியது. நான்கே ஆண்டுகளில், 1969இல், மேரி வெப்ஸ்டர் காலமானார். பராமரிப்பவர்க்கான கொடுப்பனவு 1976இல் நடைமுறைக்கு வந்தபோதும் மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜக்குலின் டிரேக் என்ற பெண்மணி வழக்காடி ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றார். 1986 ஜூனில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்புக்கு முதல் நாளே அரசாங்கம் பணிந்து சட்டத்தை மாற்றுவதாக அறிவித்தது.

இவ்வாறு, போனவர்களின் வரலாறும் நின்றவர்களின் வரலாறும் நெடுங்காலம் தனித்தனியே ஓடின. ஏனெனில் அவை இரு வேறு மனிதர்களின் வரலாறுகள். இன்று அவ்விரண்டும் ஒரே வீட்டுக்குள், பல வேளைகளில் ஒரே மனிதருக்குள், வந்து சேர்ந்துள்ளன. ஆயுள் நீண்டதே காரணம். முன்பெல்லாம் ஒருவர் இளைப்பாறும் காலத்தில் அவரது பெற்றோர் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். இப்போது 67 வயதுப் பிள்ளைக்கு 92 வயதுத் தாய் இருக்கிறார். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஊதியமின்றி உறவினரையோ பிறரையோ பராமரிப்போர் சுமார் 50 லட்சம் பேர். இளமையில் வானில் இந்தியாவுக்குப் போனவரும் இவர்களுள் இருக்கலாம்.

போகமுடியாதவர் வாகனத்தை விற்றுவிடுவதுமில்லை. மாதம் ஒருமுறை இயந்திரத்தை இயக்கிப் பார்க்கிறார். ஓடாமல் நிற்பதால் பற்றறி இறங்குகிறது, டயரின் பக்கச்சுவர் வெடிக்கிறது, கூரை ஓரத்தில் ஈரம் ஏறுகிறது. பாதையில் ஓட்டத் தயாராக வைத்திருப்பதற்குக் காப்புறுதியும் வருடாந்தப் பரிசோதனையும் வேண்டும். விற்றுவிடலாமே என்று அயலவர் சொல்வது நியாயந்தான். ஆனால் விற்பது, இனிப் போகவே மாட்டோம் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். வைத்திருப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எப்போது போவீர்கள் என்று யாராவது கேட்டால், அதற்கான நேர்மையான பதிலை எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாய் இருக்கும்வரை போகமுடியாது. போவதற்கு நாள் குறிப்பது வேறொன்றுக்கு நாள் குறிப்பதாகிவிடும். ஆகவே பேச்சு வானிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஏக்கமும் அன்பும் ஒரே நெஞ்சில் இருப்பதைச் சிலர் பாசாங்கு என்பார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இதனிடையே பாதையும் குறுகிவிட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து முழுமையாக விலகியதன் பின், 2021 தொடக்கம், அதன் கடவுச்சீட்டில் செல்வோர் ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே விசாவின்றித் தங்கலாம். முழுக் குளிர்காலத்தையும் ஸ்பெயினில் கழிப்பது அதனால் கடினமாகிவிட்டது. இப்போது பலர் செய்வது, வீட்டிலிருந்து இரண்டு மணிநேர ஓட்டத்துக்குள், தொலைபேசி தெளிவாக எடுக்கும் இடமாகப் பார்த்து இரண்டு இரவுகள் தங்கிவிட்டு வருவதுதான். சகோதரரோ அயலவரோ அந்த இரண்டு இரவுகளுக்குத் தாயைப் பார்க்க ஒப்பவேண்டும். தாயையும் ஏற்றிச் செல்வோரும் உண்டு. படியேறும் இடமும் கழிவறையின் ஒடுக்கமும் அதைச் சிலநாட் பயணமாகவே வைத்திருக்கின்றன.

மற்றொரு கணக்கும் உண்டு. 1997க்கு முன் பிரித்தானியாவில் கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியெய்தியவர்கள், அதே சாரதி அனுமதிப்பத்திரத்தில் 3500 கிலோவுக்கு மேல் 7500 கிலோ வரையான வாகனத்தையும் ஓட்டலாம். பெரிய மோட்டார்ஹோம்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. இந்த உரிமை 70 வயதுடன் காலாவதியாகிவிடும். தொடர்வதற்கு வைத்தியர் பரிசோதித்து நிரப்பிய படிவம் வேண்டும், கண்பார்வையும் பார்க்கப்படும். படிவத்தை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ அப்போது 70 வயது. வீட்டிலிருக்கும் தாய்க்கு 95.