எம் அளவும் தமிழ் அச்சில் கோடுகளும்

எழுத்துருவின் அளவையே அகலமாகக் கொண்ட அலகு எம். 10 புள்ளி எழுத்தில் ஓர் எம் என்பது 10 புள்ளி. அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற இன்றைய கணினிக் கணக்கில் ஏறத்தாழ 3.53 மி.மீ. இதில் பாதி ஓர் 'என்'. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் எம் அளவுச் சதுரத் துண்டு, அதில் பாதி, மூன்றிலொன்று, நான்கிலொன்று, ஐந்திலொன்று எனப் பல அளவு வெற்றுத் துண்டுகளைச் செருகித்தான் இடைவெளி விட்டார்கள். முழுக்கோடும் (—) அரைக்கோடும் (–) முறையே எம், என் ஆகிய இரண்டு அளவுகளையும் ஒட்டியவை. சொல்லோடு சொல்லை ஒட்டும் சிறுகோடு (-) எம்மில் மூன்றிலொரு பங்கை ஒட்டியே இருக்கும். ரோமன் எழுத்தின் பெயரைத் தாங்கியதால் இந்த அளவு தமிழுக்கு ஒவ்வாது என்பாரும் உண்டு. ஆனால் அலகு நிற்பது எழுத்துருவின் உயரத்தின் மீது. ரோமன் 'எம்' எழுத்தே பல எழுத்துருக்களில் ஓர் எம் அகலம் இருப்பதில்லை.

சொல்லப்போனால், கோடுகளின் வேறுபாடு தமிழுக்குத்தான் கூடுதலாகத் தேவை. ஓசூர்–ராயக்கோட்டை சாலையிலுள்ள உத்தனப்பள்ளியின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் அதன் எட்டு எழுத்தும் ஒரே வரிசையில் நீளும். மாநில எல்லைக்கு அப்பால் புழங்கும் கன்னடத்தில் எழுதினால் இரட்டித்த மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து அகலத்தை மிச்சப்படுத்தும். தமிழ் எழுத்துகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு பெரிது: 'ர' ஒடுங்கி நிற்க, 'ண' பல எழுத்துருக்களில் ஓர் எம்மையே தாண்டிவிடுகிறது. இத்தனை அகலமான எழுத்துகளுக்கு நடுவே சிறுகோடு தூசி போலத் தெரியும். 'ஓசூர்-ராயக்கோட்டை' என்று சிறுகோட்டால் எழுதினால் இரண்டு ஊர்களும் ஒட்டி, இரட்டைப் பெயர் கொண்ட ஒரே ஊர் போலாகின்றன. 'இங்கிருந்து அங்குவரை' என்பதை அரைக்கோடு காட்டிவிடுகிறது. வரிக்கடைசியில் சொல்லை உடைக்கும்போது தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் கோடே போடுவதில்லை. ஆங்கிலத்தில் சிறுகோட்டுக்கு உள்ள பெரிய வேலை ஒன்று இங்கே இல்லை என்றாகிறது. ஆயினும் மற்ற எல்லாக் கோடுகளின் சுமையையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம்.

இதற்குத் தட்டச்சுப் பொறியே முதற்காரணம். எல்லா எழுத்துக்கும் வண்டி ஒரே அளவு நகரும் அந்தப் பொறியில் கோட்டுக்குக் கிடைத்தது ஒரே விசை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, மெய்யெழுத்தின் புள்ளியை, வண்டியை நகர்த்தாத 'நகரா விசை'யில் வைத்துத் தமிழைப் பொறிக்குள் அடக்கியது பெரிய சாதனை. கோட்டை வகைபிரிக்க அங்கே இடமில்லை. யூனிகோடு வந்தபின் அந்த நெருக்கடி இல்லை. அரைக்கோடு, முழுக்கோடு, கழித்தல் குறி மூன்றுக்கும் தனித்தனி இடம் அதில் உண்டு.

இடத்தைப் பார்த்தே பொருள் விளங்கிவிடும், பிறகு எதற்கு மூன்று கோடு என்று கேட்கலாம். கதையில் விளங்கும், ஓசூர்ப் பகுதியின் இயந்திரப் பட்டறைக் குறிப்பில் அப்படியில்லை. '5-8 மி.மீ.' என்பது 5 முதல் 8 வரையா, இரண்டு தனி அளவுகளா? '-5--2' என்று வெப்பநிலை வீச்சை எழுதினால் எது கழித்தல், எது 'முதல்–வரை'? '−5–−2' என்றாலும் கண்ணை உறுத்தத்தான் செய்யும். அங்கே '−5 முதல் −2 வரை' என்று சொல்லாலேயே எழுதுவது மேல். தமிழ் வாக்கியத்தின் இடைச்செருகலுக்கும் முழுக்கோடு கட்டாயமில்லை, இருபுறமும் இடைவெளி விட்ட அரைக்கோடு போதும். நீண்ட சொற்கள் இரண்டை இடைவெளியில்லா முழுக்கோடு கோத்துவிட்டால், ஒடுங்கிய பத்தியில் அவை ஒரே கட்டையாகத் தெரியும். விசைப்பலகையில் அரைக்கோடு இல்லை என்பது சாக்குதான்: பல கைபேசிகளில் சிறுகோட்டு விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் மற்றக் கோடுகளும் வந்துவிடும்.