மழை விட்டும் விடாத தூவானம்: பாரவூர்திச் சில்லுகள் கிளப்பும் நீரைக் குறைப்பது எப்படி?

"மழை விட்டாலும் தூவானம் விடவில்லை" என்று ஊரில் வேறு காரியங்களுக்குச் சொல்வார்கள். கனடாவின் நெடுஞ்சாலைகளில் அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்கு ஏறக்குறைய 540 கிலோமீற்றர். கலியாணவீடு, செத்தவீடு, கோவில் திருவிழா என்று எம்மவர்கள் ஆண்டு முழுவதும் ஓடும் பாதை அது. மழை நின்று வானம் வெளித்த பின்னரும், வீதி காயும்வரை, முன்னால் போகும் பதினெட்டுச் சில்லுப் பாரவூர்தி ஒரு வெள்ளைப் புகாரைக் கிளப்பிக்கொண்டே போகும். அதற்குள் நுழையும் காரின் முன்கண்ணாடியில் சில செக்கன்களுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தத் தூவானம் எப்படி உண்டாகிறது, அதைக் குறைக்கும் வழிகள் எவை, ஐரோப்பாவில் கட்டாயமான ஏற்பாடு இங்கே ஏன் கட்டாயமில்லை, காரோட்டுபவரும் பாரவூர்தி வைத்திருப்பவரும் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தெறிப்பு வேறு, தூவானம் வேறு

மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்தில் வெள்ளம் நிற்கும் வீதியால் லொறி ஒன்று போனால், கரையில் சைக்கிளில் போகிறவரின் சாரம் நனையும். அது தெறிப்பு. துளிகள் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை. எறிந்த கல்லைப்போல வளைந்து போய் நிலத்தில் விழுந்துவிடும். நனைந்தவருக்குக் கோபம் வரும், ஆனால் கண் மறையாது.

நெடுஞ்சாலையில் நிற்கும் நீர் ஆழமானதல்ல. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் அளவு படலந்தான். ஆனால் வேகம் அதிகம். துளிகள் அரை மில்லிமீற்றருக்கும் சிறிதாக நொருங்குகின்றன. அவ்வளவு சிறிய துளி உடனே கீழே விழாது. காற்றோடு மிதக்கும். இதுதான் தூவானம்.

ஒரே அளவு நீர் சிறிதாக உடைந்தால் ஏன் கூடுதலாகக் கண்ணை மறைக்கிறது? ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் ஆயிரம் துளிகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் மறைக்கும் பரப்பு முந்தியதில் நூறில் ஒரு பங்கு. ஆயிரத்தை நூறால் பிரித்தால் பத்து. அதாவது அதே நீர் இப்போது பத்து மடங்கு பரப்பை மறைக்கிறது. எனவே தூவானத்தைக் குறைப்பது என்றால் முதல் வேலை, துளிகளை நொருங்க விடாமல் பார்ப்பது.

எவ்வளவு நீர், எந்த வழியால்?

கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் கனரகப் பாரவூர்திகளின் வேகத்தை மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேல் போகாமல் இயந்திரத்திலேயே கட்டுப்படுத்தவேண்டும் என்ற விதி 2009 தொடக்கம் உண்டு. 105 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 29 மீற்றர். இரண்டு பக்கத்து இரட்டைச் சில்லுகளும் சேர்ந்து சுமார் 1.1 மீற்றர் அகல வீதியை மிதிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீற்றர் நீரில் செக்கனுக்கு 32 லீற்றர் அவற்றின் வழியில் வருகிறது. பத்து லீற்றர் வாளியால் மூன்று வாளித் தண்ணீர், ஒவ்வொரு செக்கனும்.

அந்த நீர் நான்கு வழியால் போகிறது. ரயருக்கு முன்னால் ஒரு அலையாகத் தள்ளப்படுவது ஒன்று. பக்கவாட்டில் பிதுங்குவது இன்னொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் தெறிப்பாகிக் கீழே விழுந்துவிடும். மூன்றாவது, ரயரின் வெட்டுகளுக்குள் புகுந்து சில்லோடு சுழன்று பின்னால் வீசப்படும் நீர். நான்காவது, ரயரின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு மேலே வந்து பிரியும் நீர். கடைசி இரண்டுந்தான் அச்சு, சட்டம், மட்காட் என்று அகப்பட்ட இடமெல்லாம் மோதித் தூளாகின்றன. பாரவூர்திக்கு அடியாலும், இழுவைப் பகுதிக்கும் ட்ரெயிலருக்கும் இடையாலும் பாயும் காற்று அந்தத் தூளை அள்ளிக்கொண்டு பக்கத்து லேனுக்குத் தள்ளுகிறது.

வேகத்தின் பங்கு பெரியது. 105 இலிருந்து 80 ஆகக் குறைத்தால் செக்கனுக்கு மிதிபடும் நீர் கால்வாசி குறையும். அந்த நீர் வீசப்படும் விசையும் குறைவதால், செக்கனுக்கு நீருக்குக் கிடைக்கும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஓலைத் தட்டியும் தகரமும்

ஊரில் விறாந்தைக்குள் தூவானம் அடிக்காமல் ஓலைத் தட்டி கட்டுவோம். காற்றோடு வரும் துளி ஓலையில் பட்டு, அதன் ஈர்க்குகளுக்கிடையே அகப்பட்டு, வடிந்து கீழே இறங்கும். அதே இடத்தில் தகரத்தை வைத்தால் துளி மோதிச் சிதறும்.

பாரவூர்திச் சில்லின் பின்னால் தொங்கும் வழுவழுப்பான றப்பர் தட்டி அந்தத் தகரத்தின் வேலையைத்தான் செய்கிறது. கல்லையும் சேற்றையும் தடுக்கும். ஆனால் வேகமாக வந்து மோதும் நீரை அது மேலும் நொருக்கிவிடும். இதற்கு மாற்றாக வந்தவை இரண்டு வகை.

முதலாவது, மோதும் நீரின் வேகத்தை விழுங்கும் தட்டி. அதன் உட்பக்கம் செயற்கைப் புல்லைப்போல அல்லது தடித்த தும்பைப்போல இருக்கும். நீர் அதற்குள் புகுந்து வேகம் இழந்து, பெரிய துளிகளாகத் திரண்டு, கீழே வடியும். இரண்டாவது, காற்றையும் நீரையும் பிரிக்கும் தட்டி. அதிலுள்ள வழிகளால் காற்று வெளியேறும், நீர் உள்ளே தங்கி இறங்கும்.

தட்டி மட்டும் போதாது. சில்லின் மேற்பகுதியை மூடும் மட்காட்டும், அதன் வெளி விளிம்பிலிருந்து தொங்கும் பக்க மறைப்பும் சேர்ந்தாற்தான் பக்கத்தால் போகும் நீர் அகப்படும். தட்டியின் அடி நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சில்லுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பவையும் முக்கியம். உயர்ந்து போன தட்டிக்குக் கீழால் நீர் சுகமாகத் தப்பிவிடும்.

ஐரோப்பாவின் முடிவும் அமெரிக்காவின் முடிவும்

இலண்டனில் உள்ள உறவுகள் இந்தப் புல் வைத்த தட்டிகளைப் பார்த்திருப்பார்கள். பிரித்தானியா 1980களிலேயே கனரகப் பாரவூர்திகளுக்குத் தூவானத் தடுப்பைச் சட்டத்தில் சேர்த்தது. ஐரோப்பிய சமூகம் 1991இல் 91/226 என்ற இலக்கமுள்ள பணிப்புரையை வெளியிட்டது. பின்னர் அதன் இடத்தை 2011இன் 109ஆம் இலக்க விதி எடுத்தது. 7.5 தொன்னுக்கு மேற்பட்ட சரக்குப் பாரவூர்திகளும் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட ட்ரெயிலர்களும் இதற்குள் வரும். கரடுமுரடான இடங்களில் ஓடும் வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

இதில் கவனிக்கவேண்டியது, அங்கே ஒரு எண் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் தட்டியின்மேல் நீரைப் பாய்ச்சி, கீழே எவ்வளவு சேர்கிறது என்று அளக்கிறார்கள். வேகத்தை விழுங்கும் வகை குறைந்தது 70 வீதத்தைப் பிடிக்கவேண்டும். காற்றையும் நீரையும் பிரிக்கும் வகை 85 வீதத்தைப் பிடிக்கவேண்டும். இது தட்டிக்கு வைக்கும் பரீட்சை. முழுப் பாரவூர்தி வீதியில் கிளப்பும் புகார் இதே வீதத்தில் குறையும் என்று பொருளில்லை.

அமெரிக்கா அந்த இடைவெளியில்தான் தடக்கியது. அங்கே காங்கிரஸ் 1982ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் தூவானத்துக்கு ஒரு தரநிலை வகுக்கும்படி சொன்னது. வாகனப் பாதுகாப்பு நிர்வாகம் பல சோதனைகள் செய்து, இந்தத் தடுப்புகள் எல்லா நிலைமைகளிலும் நம்பகமாகப் பார்வையைக் கூட்டும் என்று காட்டமுடியவில்லை என்று 1988இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. பக்கக் காற்று வீசும்போது ஒரே தட்டி ஒருநாள் உதவும், இன்னொருநாள் உதவாது.

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைச் சட்டம், பின்னால் தெறிக்கும் நீரை "பயனுள்ள அளவில்" குறைக்கும் மட்காட் வேண்டும் என்கிறது. கியூபெக்கின் வீதிப் பாதுகாப்புச் சட்டமும் மட்காட் கேட்கிறது. ஆனால் ஐரோப்பாவைப்போல இத்தனை வீதம் என்ற அளவுகோல் இங்கே இல்லை. வழுவழுப்பான றப்பர் தட்டி தொங்கினாலே சட்டம் திருப்திப்படும்.

செலவு ஒருவருக்கு, பயன் மற்றவருக்கு

கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவனுக்கு இதன் மறுபக்கம் உடனே தெரியும். நல்ல தட்டி வாங்கும் செலவு பாரவூர்தி உரிமையாளரின் புத்தகத்தில் ஏறும். பயன் அடுத்த லேனில் போகும், அவருக்குப் பெயரே தெரியாத குடும்பத்துக்குப் போகும். அந்த வரவு எந்தப் புத்தகத்திலும் பதியப்படாது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். இப்படியான இடத்தில் சட்டம் ஒரு எண்ணை வைத்தாலொழிய, வியாபாரம் தானாக அதைச் செய்வது அரிது.

இதற்கு ஒரு எதிர் உதாரணமும் உண்டு. ட்ரெயிலரின் இரு பக்கமும் கீழே நீளத்துக்குத் தொங்கும் தகடுகளை இப்போது நெடுஞ்சாலையில் அடிக்கடி காண்கிறோம். அவை தூவானத்துக்காகப் பூட்டப்பட்டவை அல்ல. அடிப்பக்கக் காற்றைத் தடுத்து எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்கு. கலிபோர்னியா 2010 தொடக்கம் நீண்ட பெட்டி ட்ரெயிலர்களுக்குக் காற்றுத்தடையைக் குறைக்கும் ஏற்பாடுகளைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியதும் அவை பரவ ஒரு காரணம். அதே தகடு நீர் பக்கத்தால் வெளியேறுவதையும் ஓரளவு குறைக்கிறது. உரிமையாளரின் வரவும் அடுத்த லேன்காரரின் வரவும் ஒன்றாக வந்த இடத்தில் காரியம் நடந்திருக்கிறது.

வீதிக்கும் பங்கு உண்டு

நீர் நிற்காத வீதியில் தூவானம் எழாது. நெதர்லாந்து தன் பிரதான நெடுஞ்சாலைகளில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு நுண்துளைத் தார் போட்டிருக்கிறது. அதன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். மழைநீர் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே இறங்கிக் கரையால் ஓடிவிடும். இரைச்சலும் குறையும்.

கியூபெக்கில் இதை அப்படியே போடுவது கடினம். மாரியில் மணலும் அழுக்கும் துளைகளை அடைக்கும். உப்புக் கரைசல் மேலே நிற்காமல் இறங்கிவிடுவதால் கூடுதல் உப்பு வேண்டும். உறைவதும் உருகுவதும் மாறிமாறி நடக்கும்போது கல் பெயரும்.

வில்லரேயில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். பகுதியின் வடக்கு எல்லையில், கிறெமாசி வீதியோடு ஒட்டி, 40ஆம் இலக்க நெடுஞ்சாலை தூண்களின்மேல் ஓடுகிறது. 1960 அளவில் திறக்கப்பட்ட அந்த மேம்பாலத்தில் கரையில் ஒதுங்க இடம் மிகக் குறைவு. தூவானத்துக்குள் அகப்பட்டால் ஒதுங்கி நின்று கண்ணாடியைத் துடைக்க வழியில்லை. ஏறுமுன்பே ஆயத்தமாக இருக்கவேண்டிய வீதி அது.

காரோட்டுபவர்களுக்கு

பாரவூர்தி மணிக்கு 90, நீங்கள் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 22 மீற்றர் நீளமான பாரவூர்தியைக் கடக்க எட்டு செக்கன் பிடிக்கும். அதற்குள் உங்கள் கார் ஏறக்குறைய 220 மீற்றர் ஓடியிருக்கும். அந்தத் தூரத்தைக் கண் தெரியாமல் ஓடவேண்டி வருமா என்பதுதான் கேள்வி. எனவே:

• கடக்கும் முன், தூவானத்துக்கு வெளியே பின்தங்கி நின்று, முன்னால் இடது லேன் நீளத்துக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தெரியாவிட்டால் கடக்கவேண்டாம்.

• புகாருக்குள் நுழையுமுன்பே வைப்பரை வேகமாக்குங்கள். நுழைந்தபின் தேடவேண்டாம்.

• காற்று வலமிருந்து இடமாக வீசினால் முழுத் தூவானமும் நீங்கள் கடக்கும் லேனில் விழும். பாரவூர்தியின் பின்னால் புகார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே இது தெரியும்.

• பின்னால் போகும்போது குறைந்தது நான்கு செக்கன் இடைவெளி விடுங்கள். மணிக்கு 100இல் அது 110 மீற்றர்.

• தலைவிளக்கை நீங்களே போடுங்கள். பழைய கார்கள் பலவற்றில் பகல் விளக்கு முன்னால் எரியும், பின்விளக்கு எரியாது. 2021 செப்டெம்பருக்குப் பின் கனடாவில் விற்பனைக்கு வந்த புதிய வாகனங்களில்தான் இந்தக் குறையைத் தீர்க்கும் விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் பின்னால் வருபவரும் அதே புகாருக்குள்தான் வருகிறார்.

• மாரியில் பனி நின்றபின்னும் உப்பு கலந்த சகதி நாள்முழுவதும் தெறிக்கும். காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். குளிர்காலக் கண்ணாடி கழுவும் திரவம் ஒரு போத்தல் மேலதிகமாகக் காரில் இருக்கட்டும்.

• ஈர வீதியில் குறூஸ் கொன்ட்ரோல் வேண்டாம்.

பாரவூர்தி வைத்திருப்பவர்களுக்கு

எம்மவர்களில் பாரவூர்தி ஓட்டுபவர்களும் சொந்தமாக ஒன்றிரண்டு வைத்திருப்பவர்களும் இப்போது குறைவில்லை. கிழிந்த தட்டி, வெட்டுப்பட்ட தட்டி, உயர்ந்து போன தட்டி ஆகியவற்றை உடனே மாற்றுங்கள். மாற்றும்போது புல் வைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு புது ரயரின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. பழையதை மாற்றுவது பொதுவாக அந்த ஆண்டின் பராமரிப்புச் செலவாகக் கழிபடும். பக்கத் தகடு போன்ற மேம்பாடுகள் மூலதனமாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகக் கழிபடும். அதன் எரிபொருள் மிச்சத்தையும் எழுதி வைத்தால் எத்தனை மாதத்தில் காசு திரும்புகிறது என்று தெரியும். ஈரநாளில் வேகத்தைக் குறைத்தால் எரிபொருளும் மிஞ்சும், தூவானமும் குறையும்.

ஒரு தட்டியால் தூவானம் முழுவதும் நின்றுவிடாது. ஆனால் 401இல் அடுத்த லேனில் போகும் கார் ரொறன்ரோவில் ஒரு கலியாணவீட்டுக்குப் போகும் எங்கள் வீட்டுக் காராகவும் இருக்கலாம். சட்டத்தில் ஒரு எண் வரும்வரை அவர்களுக்குத் தெரியும் பார்வைத் தூரம், பாரவூர்தி வைத்திருப்பவர் தானாகச் செய்யும் இந்தச் சின்னச் செலவில் பெரிதும் தங்கியிருக்கிறது.