சூட்கேஸில் வந்த கிழங்கு

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், அக்டோபர் மாதம், அம்மாயி முதன்முறையாகச் சான்டா கிளாராவுக்கு வந்தார். அம்மாயி என்றால் எங்கள் கொங்குப் பக்கத்தில் அம்மாவின் அம்மா. ஊர் சத்தியமங்கலம். அங்கே அவருக்கு அரை ஏக்கரில் சம்பங்கித் தோட்டம் இருந்தது. கல்யாண மாலையில் வெள்ளையாக, மண்டபம் முழுக்க மணக்குமே, அந்தப் பூதான்.

சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே, பழைய துணியில் முடிந்து, பன்னிரண்டு சம்பங்கிக் கிழங்குகளை அவர் கொண்டு வந்திருந்தார். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அவற்றை எடுத்துக்கொண்டார். வெளியே வந்த அம்மாயி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பேத்தியைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

“கண்ணு, கெழங்கையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. அதுல என்ன பாம்பா இருக்குது?”

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அவரைச் சமாதானப்படுத்த அம்மா கடைக்குக் கூட்டிப் போய், இருபது டாஃபடில் கிழங்குகள் இருந்த ஒரு பையை வாங்கிக் கொடுத்தார். அம்மாயி ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, “வெங்காயமாட்ட இருக்குது” என்றார். மறுநாளே வாடகை வீட்டின் பின்புறம் கொத்து எடுத்து இறங்கிவிட்டார்.

வளர்ந்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். கிடைத்த கதையைத்தான் இப்போது சொல்கிறேன்.

டோக்கியோ நகரம் பரிசாக அனுப்பிய 2,000 செர்ரி மரக்கன்றுகள் 1910 ஜனவரியில் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தன. சோதித்த அதிகாரிகள் அவற்றில் பூச்சிகளும் புழுக்களும் இருப்பதைக் கண்டார்கள். அதிபர் டாஃப்ட் சம்மதிக்க, அத்தனை கன்றுகளும் எரிக்கப்பட்டன. 1912-இல் ஜப்பான் மறுபடியும் 3,000-க்கு மேல் நல்ல கன்றுகளை அனுப்பியது. இன்று வசந்தத்தில் நீங்கள் படம் எடுக்கப் போகும் மரங்களின் கதை அதில்தான் தொடங்குகிறது. அதே 1912-இல்தான் அமெரிக்கா, வெளிநாட்டுச் செடிகளைத் தடுத்து நிறுத்தும் சட்டத்தையும் கொண்டு வந்தது. அம்மாயியின் சூட்கேஸைத் திறந்தது அந்தச் சட்டத்தின் வழிவந்த விதிதான்.

டாஃபடிலும் அந்தச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. அது அமெரிக்கப் பூ கிடையாது. அதன் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகல் மலைகளில் இருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் கிழங்காகக் கப்பலில் கொண்டு வந்தார்கள். பிறகு ஹாலந்திலிருந்து மூட்டை மூட்டையாக இறக்குமதி ஆனது. அந்தக் கிழங்குக்குள் நூற்புழு என்று ஒன்று இருக்கும். கண்ணுக்கே தெரியாத அது உள்ளிருந்தே கிழங்கை அழுகவைத்துவிடும். 1926 ஜனவரி 1 முதல் டாஃபடில் கிழங்கின் இறக்குமதிக்கு அமெரிக்கா கடும் தடை போட்டது. சில டச்சு விவசாயிகள் தாங்களே இங்கு குடியேறிப் பயிரிட ஆரம்பித்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் புயாலப் பள்ளத்தாக்கு மஞ்சளாக மாறியது. 1934 முதல் அங்கே டாஃபடில் ஊர்வலமும் நடக்கிறது.

புழுவுக்கு மருந்து அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் ஜேம்ஸ் ராம்ஸ்பாட்டம் என்ற இளைஞர், கிழங்குகளைச் சுமார் 43 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் புழு செத்துவிடும், கிழங்கு பிழைத்துவிடும் என்று நிரூபித்தார். ஆக, அம்மாயி, பாம்பு இல்லை. புழு இருக்கலாம் என்ற பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அதே வருடங்களில் இன்னொரு கதவும் மூடப்பட்டது. 1917-இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதை ஒரு சட்டம் தடுத்தது. 1923-இல், இந்தியரான பகத் சிங் திந்த் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924-இல் கதவு இன்னும் இறுக்கமாகியது. கலிஃபோர்னியாவில் 1913 முதலே, குடியுரிமை பெற முடியாத ஆசியர்கள் விவசாய நிலம் வாங்கத் தடை இருந்தது. 1946-இல் இந்தியர்களுக்கு வருடத்துக்கு வெறும் 100 இடம் கிடைத்தது. 1965-இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகுதான் நம் அப்பா அம்மாக்கள் வர வழி பிறந்தது.

கிழங்குக்குள் இருந்த புழு நிஜம். மனிதர்களுக்குள் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் இரண்டு சட்டங்களும் ஒரே காலத்தில், “வெளியிலிருந்து கெடுதல் வருகிறது” என்ற ஒரே தொனியில் பேசின. இந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்றும் உதவும்.

சரி, “வெளியில்” என்றால் எது? சான்டா கிளாராவின் மண்ணுக்குள் டாஃபடில் வருவதற்குப் பல ஆயிரம் வருடம் முன்பே கிழங்குகள் இருந்தன. இங்கே வாழ்ந்த ஓலோனி மக்கள் புரோடியா என்ற ஊதாப் பூவின் கிழங்கைத் தோண்டி, சுட்டுச் சாப்பிட்டார்கள். சோப்பு வேர் என்ற இன்னொரு கிழங்கில் தலை தேய்த்துக் குளித்தார்கள், அதன் நாரில் பிரஷ் செய்தார்கள். கடினமான குச்சியால் கிளறி, பெரிய கிழங்குகளை எடுத்துக்கொண்டு, சின்னக் குட்டிக் கிழங்குகளை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புல்வெளியை அளவாக எரித்துக் கிழங்குகளுக்கு வெயிலும் இடமும் உண்டாக்குவார்கள். வேலி இல்லாவிட்டாலும் அது தோட்டம்தான். 1777-இல் ஸ்பானியர்கள் சான்டா கிளாரா மிஷனைக் கட்டினார்கள். 1793-இல் ஆளுநர் அர்ரில்யாகா அந்த எரிப்புக்குத் தடை போட்டார். மிஷனில் ஆயிரக்கணக்கான ஓலோனி மக்கள் நோயில் இறந்தார்கள். அவர்களின் வாரிசுகள் இன்றும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். குவாடலூப்பே ஆற்றோரம் யூலிஸ்டாக் என்ற இயற்கைப் பூங்காவில் இந்த மண்ணின் செடிகளை மறுபடியும் வளர்க்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்போது நான் தேடியதிலேயே என்னை உட்கார வைத்த விஷயம். அம்மாயியின் சம்பங்கி எந்த ஊர்ப் பூ தெரியுமா? மெக்சிகோ! கொலம்பஸ் வருவதற்கு முன்பே அங்குள்ள மக்கள் அதை வளர்த்தார்கள். ஐரோப்பியர்கள் வழியாகத்தான் அது இந்தியா வந்தது. சத்தியமங்கலத்தில் எங்கள் குடும்பமே வாழ்ந்த அந்தப் பூ, ஒரு காலத்தில் அங்கே புதிதாக வந்து இறங்கிய பூ. அன்று அவர் சூட்கேஸில் எடுத்து வந்தது, தன் சொந்தக் கண்டத்துக்கே திரும்பி வந்த கிழங்கு.

பள்ளியில் யாராவது “நீ நிஜமாக எந்த ஊர்?” என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும். இதைப் படித்த பிறகு அடைப்பதில்லை.

அம்மாயி நட்ட டாஃபடில் பிப்ரவரியில் பூத்தது. மழைக்காலக் குளிர், காய்ந்த கோடை என்று இந்த ஊரின் பருவநிலை அதன் சொந்த ஊரைப் போலவே இருப்பதால் அதற்கு இங்கே சிரமமே இல்லை. பூ உதிர்ந்ததும் நான் இலையை வெட்டப் போனேன். அம்மாயி கையைப் பிடித்தார். “வேண்டாஞ்சாமி. எலை தானாப் பழுக்கோணும். அடுத்த வருசத்துக்கு அதுதான் கெழங்குக்குச் சோறு போடுது.” டாஃபடிலை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கிழங்கு என்றால் அவருக்குத் தெரியும். பூத்த பிறகு சுமார் ஆறு வாரம் இலையை விட்டுவைக்க வேண்டும் என்று இன்றைய தோட்டப் புத்தகங்களும் அதையேதான் சொல்கின்றன.

நான் பத்தாம் வகுப்பு முடித்த ஜூனில் நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தோம். அதற்கு முந்தைய வருடமே அம்மாயி ஊரில் இறந்துவிட்டார். கிழங்குகளை அங்கேயே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. இலைகள் காய்ந்திருந்தன. தோண்டினேன். இருபது, நாற்பத்தேழாகப் பெருகியிருந்தது. பெரியவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு, குட்டிகளை அங்கேயே புதைத்தேன். ஓலோனி மக்களைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது. அம்மாயி சம்பங்கியை அப்படித்தான் பிரிப்பார் என்று அம்மா சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

நீங்களும் நட்டுப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்கும்படி வையுங்கள். நம் ஊர்க் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், அதனால் மேடான இடம் நல்லது. அதில் விஷம் இருக்கிறது. வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கோஃபர் எலிகள்கூட அதைத் தொடாது.

போன ஏப்ரலில் உள்ளூர் நர்சரியில் ஐந்து சம்பங்கிக் கிழங்குகள் வாங்கினேன். இங்கேயே விளைந்தவை. யாரும் சூட்கேஸைத் திறக்கச் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒன்று பூத்தது. அம்மா அதைப் பறித்து அம்மாயி படத்துக்கு வைத்தார். அன்று ராத்திரி முழுக்க வீடு சத்தியமங்கலமாக மணந்தது.